கைப்பிடியிலிருந்து கண்ணாடித் திரைக்கு

1980ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள். ஜப்பானின் தோக்கியோ மாநகரில், ஷிபுயா என்னும் வட்டாரத்தில் ஒரு புதிய விளையாட்டு இயந்திரம் மக்களின் பார்வைக்குச் சோதனையாக வைக்கப்பட்டது. அதன் திரையில் நீல நிறக் கோடுகளால் ஆன ஒரு புதிர்வழி தெரிந்தது. அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பாதைகள் ஓடின. பாதை எங்கும் சிறு புள்ளிகள். மஞ்சள் நிறத்தில் வட்டமான ஓர் உருவம் வாயைத் திறந்து மூடியபடி அப்புள்ளிகளை விழுங்கிக்கொண்டே சென்றது. அதை நான்கு பேய்கள் துரத்தின.

அந்த விளையாட்டே பேக்மேன். நாம்கோ நிறுவனத்தைச் சேர்ந்த தோரு இவாத்தானி ஒரு சிறு குழுவுடன் அதை உருவாக்கினார். அப்போது அவருக்கு வயது 25. அக்காலத்து விளையாட்டு அரங்குகளில், 1978இல் வந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ போன்ற சுடும் விளையாட்டுகளே நிறைந்திருந்தன. அங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பெண்களும் விரும்பி ஆடக்கூடிய ஒரு விளையாட்டைப் படைக்க இவாத்தானி எண்ணினார். சுடுவதற்குப் பதிலாக உண்பதைக் கருவாக எடுத்துக்கொண்டார்.

பெயரும் உண்பதிலிருந்தே பிறந்தது. வாயைத் திறந்து மூடி உண்பதை ஜப்பானியர் ‘பாக்கு பாக்கு’ என்பர். தமிழில் ‘மடமட’, ‘நறநற’ என்று இரட்டைக்கிளவி வருவதைப் போன்றது அது. ஜப்பானில் ‘பக் மேன்’ என்று எழுதப்பட்ட அப்பெயர், அமெரிக்காவுக்குச் சென்றபோது ‘பேக்மேன்’ ஆயிற்று.

இன்று அதே பேக்மேனைத் திறன்பேசியில் ஆடலாம். அரங்கில் இருந்த இயந்திரம் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. படத்தைச் சிறியதாக்கித் திரையில் பொருத்தினால் வேலை முடிந்தது என்று தோன்றலாம். ஆனால், உண்மையில் வேலை அங்கேதான் தொடங்கியது.

தோற்றவர் ஏன் மீண்டும் ஆடினார்?

பேக்மேனின் புதிர்வழியில் 240 சிறு புள்ளிகளும் 4 பெரிய புள்ளிகளும் உள்ளன. எல்லாவற்றையும் உண்டு முடித்தால் அடுத்த கட்டத்திற்குச் செல்லலாம். பெரிய புள்ளியை உண்டால், சிறிது நேரத்திற்குப் பேய்களையே விழுங்கலாம். மற்ற நேரங்களில் பேய் தொட்டால் ஓர் உயிர் போய்விடும். விதிகள் இவ்வளவே. ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால், பேய்கள் வெறுமனே சுற்றித் திரிவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. சிவப்புப் பேய், பேக்மேன் இருக்கும் இடத்தையே குறிவைத்து வரும். இளஞ்சிவப்புப் பேய், பேக்மேனுக்கு நான்கு கட்டங்கள் முன்னால் உள்ள இடத்தைக் குறிவைத்து வழிமறிக்கப் பார்க்கும். வெளிர்நீலப் பேய், சிவப்புப் பேயின் இடத்தையும் பேக்மேன் செல்லும் திசையையும் சேர்த்துக் கணக்கிடும். ஆரஞ்சு நிறப் பேய் தொலைவில் இருக்கும்வரை துரத்தும். எட்டுக் கட்டங்களுக்குள் நெருங்கியதும் தன் மூலையை நோக்கித் திரும்பிவிடும்.

துரத்தும்போது இவை குருட்டாம்போக்கில் திரும்புவதில்லை. ஆட்டக்காரர் அதே நேரத்தில் அதே திருப்பங்களை எடுத்தால், பேய்களும் அதே வழியில்தான் வரும். ஆகவே, ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காரணம் இருந்தது. ‘அந்தச் சந்தியில் இடப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும்’ என்று தோற்றவருக்கே புரிந்தது. தவறு தன்னுடையது என்று தெரிந்தவர், அதைத் திருத்திக்கொள்ளலாம் என்றும் நம்பினார். அதனால்தான் இன்னொரு நாணயத்தை எடுத்தார்.

இந்த நேர்மைக்கு ஓர் அடிப்படை வேண்டும். கை நினைத்தது தவறாமல் இயந்திரத்தைச் சென்றடைய வேண்டும். அந்த வேலையைச் செய்தது, ஜாய்ஸ்டிக் எனப்படும் சிறிய கைப்பிடி. அது மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு திசைகளில் மட்டுமே செல்லும். சுடுவதற்கோ குதிப்பதற்கோ வேறு பொத்தான் எதுவும் இல்லை. பிடியைத் தள்ளினால் ஓர் எல்லையில் போய் முட்டி நிற்கும். எந்தத் திசையில் தள்ளியிருக்கிறோம் என்பதைக் கையே உணர்ந்துகொள்ளும். கண்கள் புதிர்வழியை விட்டு அகல வேண்டியதில்லை.

இன்னொரு நுணுக்கமும் இருந்தது. திருப்பம் வருவதற்குச் சற்று முன்பே பிடியைத் தள்ளிவிட்டால், பேக்மேன் மூலையைச் சிறிது வெட்டித் திரும்பும். பேய்களுக்கு அந்தச் சலுகை இல்லை. எனவே, முன்கூட்டியே திருப்புகிறவர் ஒவ்வொரு மூலையிலும் பேயைவிடச் சிறிது முன்னேறினார். கைப்பிடியும் விதியும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன.

முதல் எச்சரிக்கை

ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கு மாற்றும்போது என்ன நேரலாம் என்பதைத் திறன்பேசிகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே உலகம் பார்த்தது. 1982இல், வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் அட்டாரி 2600 என்னும் கருவிக்காகப் பேக்மேன் வெளிவந்தது. அக்கருவியின் தற்காலிக நினைவகம் 128 பைட் மட்டுமே. முழு விளையாட்டையும் 4 கிலோபைட் இடத்திற்குள் அடக்க வேண்டியிருந்தது. இந்தப் பாடத்தைக் கணினியில் சேமிக்கவே அதைவிடப் பலமடங்கு இடம் தேவைப்படும்.

நான்கு பேய்களையும் ஒரே நேரத்தில் வரைய அக்கருவியால் இயலவில்லை. எனவே, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி மாற்றி வரைந்தனர். இதனால் பேய்கள் மினுக்கி மினுக்கித் தெரிந்தன. புதிர்வழியின் அமைப்பும் மாறியிருந்தது; வட்டப் புள்ளிகள் சிறு கோடுகளாயின. இலட்சக்கணக்கானோர் அதை வாங்கினர். எனினும், அரங்கில் ஆடிய விளையாட்டை எதிர்பார்த்துக் காத்திருந்த பலர் ஏமாற்றமடைந்தனர். பெயரும் உருவமும் வந்து சேர்ந்தன. ஆடும் உணர்வு வந்து சேரவில்லை.

கண்ணாடியில் எல்லை இல்லை

2007இல் முதல் ஐபோன் வந்தது. 2008 ஜூலையில் அதற்கான செயலிகளை விற்கும் இணையக் கடை திறக்கப்பட்டது. தொடக்கத்திலேயே அங்கு இடம்பெற்ற விளையாட்டுகளுள் பேக்மேனும் ஒன்று.

திறன்பேசிக்கு ஒரு நல்ல பொருத்தம் இருந்தது. பேக்மேனின் பழைய இயந்திரத்தில் திரை, அகலத்தைவிட உயரம் மிகுந்து நின்றது. அகலமான தொலைக்காட்சித் திரையில் அந்த வடிவத்தை அடக்குவது கடினம். நிமிர்த்திப் பிடித்த திறன்பேசியோ அதே போன்ற வடிவமுடையது. இன்றைய திறன்பேசிகள் இன்னும் நீளமாக இருப்பதால், புதிர்வழிக்குக் கீழே விரலுக்கென்று இடமும் மிஞ்சுகிறது.

வேகமும் நினைவகமும் இனி சிக்கல் அல்ல. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். பேக்மேனின் புதிர்வழி அகலவாக்கில் 28 கட்டங்கள் கொண்டது. பழைய இயந்திரத்தின் திரையில் ஒரு கட்டம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் இருந்தது. திரையின் அகலம் 7 சென்டிமீட்டர் என்றால், திறன்பேசியில் ஒரு கட்டம் 2.5 மில்லிமீட்டர்தான். விரல்நுனியோ ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் அகலமுள்ளது. பேக்மேனின் மேல் விரலை வைத்தால், அகலவாக்கில் மட்டுமே ஏறத்தாழ நான்கு கட்டங்கள் மறைந்துவிடும். துரத்தும் பேய் அந்த விரலுக்கு அடியில் இருக்கக்கூடும்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. கண்ணாடி வழவழப்பானது. அதில் தள்ளுவதற்குப் பிடி இல்லை. முட்டி நிற்க எல்லை இல்லை. தான் சரியான இடத்தைத் தொட்டோமா என்பது விரலுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளக் கண்கள் கீழே பார்க்க வேண்டும். கண்கள் கீழே போன அந்த நொடியில் பேய் வந்துவிடும்.

அப்போது ஆட்டக்காரர் என்ன சொல்வார்? ‘நான் திருப்பினேன், அது திரும்பவில்லை’ என்பார். தோல்வி இனி அவருடையது அல்ல, திரையினுடையது. தன் தவறு அல்லாத ஒன்றை ஒருவரால் திருத்திக்கொள்ள முடியாது. எனவே, அவர் இன்னொரு முறை ஆடுவதற்கும் காரணம் இல்லை. பேக்மேனைத் தொடுதிரைக்கு மாற்றுகிறவர் எதிர்கொள்ளும் உண்மையான சிக்கல் இதுவே.

மூன்று வழிகள்

2008இல் வந்த அப்பதிப்பு ஒரே கட்டுப்பாட்டு முறையை நம்பியிருக்கவில்லை. மூன்று முறைகளை ஆட்டக்காரருக்கு அளித்தது.

முதலாவது, திரையின் கீழ்ப்பகுதியில் ஒரு கைப்பிடியை வரைந்து காட்டுவது. பழகிய வடிவம் என்பதால் உடனே புரியும். ஆனால், அது வெறும் படம். ஆட்டத்தின் வேகத்தில் பெருவிரல் சிறிது சிறிதாக விலகிச் சென்றாலும் ஆட்டக்காரருக்குத் தெரியாது. பல விளையாட்டுகள் இதற்கு ஒரு தீர்வைப் பின்பற்றுகின்றன. பிடியை ஓரிடத்தில் நிலையாக வைக்காமல், பெருவிரல் எங்கே படுகிறதோ அங்கேயே அதன் மையத்தை அமைத்துக்கொள்கின்றன. விரல் பிடியைத் தேட வேண்டியதில்லை. பிடி விரலைத் தேடி வருகிறது. இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இது உதவுகிறது.

இரண்டாவது, திறன்பேசியையே சாய்ப்பது. இடப்பக்கம் சாய்த்தால் பேக்மேன் இடப்பக்கம் செல்லும். புதுமையான வழிதான். ஆனால், பார்க்க வேண்டிய திரையே கையோடு சேர்ந்து ஆடுகிறது. விரலை அசைப்பதைவிடக் கருவி முழுவதையும் அசைக்க அதிக நேரமும் ஆகிறது. குலுங்கும் பேருந்தில் அமர்ந்து ஆடுபவரின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது, விரலை இழுப்பது. போக வேண்டிய திசையில் விரலைத் திரையின்மீது வழுக்கி இழுத்தால் போதும். எந்த இடத்தைத் தொடுகிறோம் என்பது முக்கியமன்று. எந்தப் பக்கம் இழுக்கிறோம் என்பதே முக்கியம். ஆகவே, கண்கள் கீழே பார்க்க வேண்டியதில்லை. விரல் பேக்மேனை மறைக்க வேண்டியதும் இல்லை. நான்கே திசைகள் கொண்ட இந்த விளையாட்டுக்கு இது பொருத்தமான முறை. ஆனால், எளிதாகத் தோன்றும் இம்முறைக்குப் பின்னால் நிரலாளர் தீர்க்க வேண்டிய மூன்று கேள்விகள் உள்ளன.

கை மறந்ததை நிரல் நினைக்க வேண்டும்

முதல் கேள்வி நினைவைப் பற்றியது. பழைய இயந்திரத்தில், திருப்பம் வருவதற்கு முன்பே பிடியைத் தள்ளிப் பிடித்திருக்கலாம். வழி திறந்ததும் பேக்மேன் திரும்பும். பிடித்திருந்த கையே கட்டளையின் நினைவாக இருந்தது. இழுத்த விரலோ திரையைவிட்டு அகன்றுவிடுகிறது. அந்த நொடியில் மேலே சுவர் இருந்தால், ‘மேலே போ’ என்ற கட்டளை வீணாகிவிடும். எனவே, நிரல் அக்கட்டளையை நினைவில் வைத்திருந்து, அடுத்த வழி திறந்ததும் நிறைவேற்ற வேண்டும்.

எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருப்பது? மிகக் குறைந்த நேரம் என்றால் திருப்பம் தவறிவிடும். மிக நீண்ட நேரம் என்றால் வேறோர் ஆபத்து வரும். ஆட்டக்காரர் மறந்துவிட்ட பழைய கட்டளையைப் பேக்மேன் வேறொரு சந்தியில் நிறைவேற்றி, நேராகச் சிவப்புப் பேயிடம் போய்ச் சேரும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைக் கண்டறிய வேண்டும்.

இரண்டாவது கேள்வி சாய்வைப் பற்றியது. பெருவிரல் தன் அடிப்பகுதியை மையமாகக் கொண்டு அசைவதால், அது வரையும் கோடு நேராக அமைவதில்லை. சற்று வளைந்தே செல்கிறது. வலப்பக்கம் இழுப்பதாக எண்ணி வலமும் மேலுமாக இழுப்போம். விரல் கிடைவாக்கில் சென்ற தொலைவையும் செங்குத்தாகச் சென்ற தொலைவையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அந்தத் திசையை நிரல் தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் என்ன செய்வது? புதிர்வழியே அதற்கு விடை கூறும். மேலே சுவரும் வலப்பக்கம் வழியும் இருந்தால், ஆட்டக்காரர் எண்ணியது பெரும்பாலும் வலப்பக்கமாகவே இருக்கும்.

மூன்றாவது கேள்வி தொலைவைப் பற்றியது. விரல் சிறிது நடுங்கினாலே திரும்பிவிட்டால், ஆட்டம் கட்டுக்குள் இருக்காது. ஆகவே, ஒரு குறைந்தபட்சத் தொலைவை விரல் கடந்த பிறகே அதைக் கட்டளையாகக் கொள்ள வேண்டும். ஆனால், விரலை எடுக்கும்வரை காத்திருக்கவும் கூடாது. குறித்த தொலைவைக் கடந்த உடனேயே பேக்மேன் திரும்ப வேண்டும். விரலை எடுக்காமலே அடுத்த திசையில் இழுக்கவும் இடம் தர வேண்டும். ஒரு நொடியின் சிறு பகுதி தாமதமானாலும், மூலையில் பேயைவிட முந்தும் அந்தப் பழைய சலுகை பயனற்றுப் போகும்.

இந்த அளவுகளை நிரலாளர் தம் மேசையில் அமர்ந்து கணக்கிட்டு மட்டும் முடிவு செய்ய இயலாது. பலரிடம் கொடுத்து ஆடச் சொல்லிக் கவனிக்க வேண்டும். பெரிய கை உடையவர், சிறிய கை உடையவர், ஒரு கையால் ஆடுபவர், முதன்முறையாக ஆடுபவர் என எல்லாரும் அதில் இருக்க வேண்டும். ஒருவர் தோற்றதும், ‘நான் திருப்பினேன்; அது திரும்பவில்லை’ என்று சொன்னால், நிரலில் இன்னும் வேலை இருக்கிறது என்று பொருள். ‘நான் அந்தப் பக்கம் திரும்பியிருக்கவே கூடாது’ என்று சொன்னால், நிரல் தன் கடமையைச் செய்துவிட்டது என்று பொருள்.

பிழையிலிருந்து பிறந்த விளையாட்டு

பழைய விளையாட்டை அப்படியே கொண்டுவருவது ஒரு வழி. திறன்பேசிக்காகவே அதைப் புதிதாகச் சிந்திப்பது இன்னொரு வழி. 2015இல் வெளிவந்த ‘பேக்மேன் 256’ இரண்டாம் வழியில் சென்றது. அதன் உருவாக்கத்தில் ஈடுபட்ட ‘ஹிப்ஸ்டர் வேல்’ என்னும் ஆஸ்திரேலியக் குழு, அதற்கு முன்பே ‘க்ராஸி ரோட்’ என்ற திறன்பேசி விளையாட்டைப் படைத்திருந்தது.

256 என்ற எண்ணுக்கு ஒரு கதை உண்டு. பழைய பேக்மேனில் ஆட்டம் எந்தக் கட்டத்தில் உள்ளது என்பதை எண்ணும் நினைவிடம் 0 முதல் 255 வரை மட்டுமே எண்ணக்கூடியது. அவ்வளவு தூரம் யாரும் ஆடுவார்கள் என்று எதிர்பார்க்கப்படவில்லை போலும். ஆனால், சிலர் ஆடினர். 256ஆம் கட்டத்தில் கணக்கு குழம்பி, திரையின் வலப்பாதி பொருளற்ற எழுத்துகளாலும் குறிகளாலும் நிரம்பியது. அதற்கு மேல் ஆட்டத்தை முறையாகத் தொடர வழியில்லை.

புதிய விளையாட்டு அந்தப் பிழையையே கதையாக்கிக்கொண்டது. இதில் புதிர்வழிக்கு முடிவே இல்லை. அது மேல்நோக்கி நீண்டுகொண்டே செல்கிறது. கீழேயிருந்து அந்தக் குழப்ப எழுத்துகள் புதிர்வழியை விழுங்கியபடி ஏறி வருகின்றன. பேக்மேன் முன்னேறிக்கொண்டே இருக்க வேண்டும். முழுப் புதிர்வழியும் ஒரே நேரத்தில் திரையில் தெரியவேண்டிய கட்டாயம் இதில் இல்லை. ஆகவே, சிறிய திரை இனி குறையாகத் தோன்றுவதில்லை. ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடக்கூடியது என்பதால், இரயிலுக்காகக் காத்திருக்கும் நேரத்திலும் ஒருமுறை ஆடிவிடலாம். திசையை மாற்ற விரலை இழுத்தால் போதும்.

இத்தனை மாறியும் பார்த்தவர்கள் அதைப் பேக்மேன் என்றே அடையாளம் கண்டனர். நான்கு திசைகள், புள்ளிகள், பெரிய புள்ளியை உண்டதும் துரத்துபவரே துரத்தப்படும் திருப்பம் ஆகியவை அப்படியே இருந்தன. பேய்களுக்கு இங்கும் தனித்தனிக் குணம் இருந்தது. அக்குணத்தைப் புரிந்துகொண்டவர் நெடுந்தூரம் சென்றார். புரிந்துகொள்ளாதவர் எங்கே தவறினோம் என்று யோசித்தார்.

எதை விடலாம்? எதை விடக்கூடாது?

பேக்மேன் பலமுறை இடம் மாறியிருக்கிறது. 1982இன் வீட்டுக் கருவியில் அதன் பெயர் நிலைத்தது, உணர்வு குறைந்தது. 2015இன் திறன்பேசியில் அதன் புதிர்வழியே மாறியது, உணர்வு நிலைத்தது. கைப்பிடி போனதால் விளையாட்டு அழிந்துவிடவில்லை. கைப்பிடி செய்துவந்த வேலையை உணர்ந்து, அதை வேறு வகையில் செய்து முடித்தவர்கள் அதைக் காப்பாற்றினர்.

பழைய ஒன்றைப் புதிய இடத்திற்குக் கொண்டுசெல்லும் எவருக்கும் இது பொருந்தும். ஒரு பொருளில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அதன் உயிர் அன்று. பேக்மேனின் உயிர் மஞ்சள் நிறத்திலோ நீலச் சுவர்களிலோ இல்லை. ‘தவறு என்னுடையது, அடுத்த முறை சரியாகத் திருப்புவேன்’ என்று ஆட்டக்காரரைச் சொல்ல வைப்பதிலேயே இருக்கிறது. அந்தச் சொல்லைத் தொடுதிரையிலும் கேட்க முடிந்தால், விளையாட்டு பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

சிந்தித்து விடையளி

1. பேக்மேனில் தோற்றவர் மீண்டும் ஆட விரும்பியதற்குப் பேய்களின் ஒழுங்கான நடத்தை எவ்வாறு காரணமாயிற்று?

2. ‘பிடித்திருந்த கையே கட்டளையின் நினைவாக இருந்தது’ என்னும் கருத்தை உன் சொந்தச் சொற்களில் விளக்கு.

3. விரலை இழுக்கும் முறை, வரைந்த கைப்பிடியைவிட எவ்வகைகளில் பொருத்தமானது? அதில் உள்ள குறைகள் யாவை?

4. பல்லாங்குழியைத் தொடுதிரைக்கு மாற்றும் பொறுப்பு உன் குழுவுக்கு வழங்கப்படுகிறது. குழியிலிருந்து காய்களை அள்ளும்போது கை உணர்வதைத் திரையில் எவ்வாறு ஈடுசெய்வீர்கள்? எதை விடுவீர்கள்? எதை விடமாட்டீர்கள்? கலந்துரையாடுக.